நாய்க்கும் பூனைக்கும் இரத்தம் ஏற்றுதல்: வளர்ப்போர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவை

மனிதருக்கு இரத்தம் ஏற்றுவது போலவே நாய்க்கும் பூனைக்கும் இரத்தம் ஏற்றப்படுகிறது. செல்லப்பிராணி வளர்க்கும் குடும்பங்கள் சில இதனை முதன்முதலாக அறிவது அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பு மேசையில்தான். நேரம் நள்ளிரவைத் தாண்டியிருக்கும். பிராணி உள்ளே எடுத்துச் செல்லப்பட்டுவிட்டது. விலங்கு மருத்துவர் வெளியே வந்து, இரத்தம் ஏற்ற வேண்டியுள்ளது, சம்மதமா என்று பிரெஞ்சு மொழியில் வினவுகிறார். செலவு மதிப்பீட்டுத் தாளொன்றும் கையில் தரப்படுகிறது. அவ்வேளையில் கேட்டுத் தெளிவதற்கு அவகாசம் இருப்பதில்லை. செயின்ட்-மிஷேல் பகுதியில் நாய், பூனை வளர்ப்போர் ஆறுதலாக இருக்கும் ஒரு நாளில் வாசித்து வைத்துக்கொள்வதற்காக இவ்விளக்கம் தரப்படுகிறது.

எப்போது இரத்தம் தேவைப்படுகிறது

நான்கு கிலோ நிறையுள்ள பூனையொன்றின் உடலில் ஓடும் இரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 240 மில்லிலீட்டர்தான். ஒரு பெரிய தேநீர்க் கோப்பையில் அடங்கிவிடும் அளவு. முப்பது கிலோ நாயிடம் சுமார் இரண்டரை லீட்டர் உண்டு. இந்த அளவுகளை மனத்தில் வைத்துப் பார்த்தால், மனிதருக்குச் சிறிதாகத் தோன்றும் இரத்தப்போக்கு பூனைக்கு ஏன் உயிராபத்தாகிறது என்பது விளங்கும்.

இரத்தம் தேவைப்படும் காரணங்கள் மூன்று வழிகளில் வருகின்றன. வாகனத்தில் அடிபடுதல், பெரிய அறுவை சிகிச்சை, முதிய நாய்களின் மண்ணீரலில் தோன்றும் கட்டி திடீரென உடைதல் போன்றவற்றால் இரத்தம் வெளியேறிப் போகலாம். உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே தன் சிவப்பணுக்களை அந்நியப் பொருளென்று கருதி அழிக்கலாம். நாய்களில் இது அரிதான நோயன்று. சிறுநீரக நோய், இரத்தப் புற்றுநோய் போன்றவற்றால் புதிய இரத்தம் உண்டாவது குன்றிப் போகலாம். மிகச் சிறிய பூனைக்குட்டிகளில் தெள்ளுப்பூச்சிகள் பெருகினால் அவை உறிஞ்சும் இரத்தமே குட்டியின் உயிரைப் பறிக்கப் போதுமானது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நாய் வளர்த்தவர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் பழக்கமான சொல். உண்ணி கடிக்கும்போது உடலினுள் புகும் பபேசியா என்னும் நுண்ணுயிர் சிவப்பணுக்களுக்குள் குடியேறி அவற்றை உடைக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியில் இன்று விலங்குகளுக்கென இரத்த வங்கி இயங்குகிறது. அங்கு இரத்தம் கேட்டு வரும் நாய்களில் உண்ணி நோய் கண்டவை பல. கியூபெக்கில் நிலைமை வேறு. இங்குள்ள கருங்கால் உண்ணி முதன்மையாகப் பரப்புவது லைம் நோயை. அந்நோயில் இரத்தம் ஏற்றும் தேவை அபூர்வமாகவே எழுகிறது. எனினும் தாயகத்திலிருந்து நாயொன்றை அழைத்து வந்தவர்கள் அதனை மருத்துவரிடம் மறவாமல் தெரிவிக்க வேண்டும். பபேசியா வெளித்தெரியாமல் நீண்ட காலம் உடலில் தங்கக் கூடியது.

சமையலறையும் மருந்து அலுமாரியும்

தமிழ் இல்லங்கள் தனியே கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. வெங்காயம், சின்ன வெங்காயம், உள்ளி என்னும் பூண்டு, லீக்ஸ் ஆகிய அனைத்தும் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் உடைக்கும் தன்மையுடையவை. சமைப்பதால் அத்தன்மை நீங்குவதில்லை. வெயிலில் காய வைத்தாலும், பொடியாக்கினாலும், எண்ணெயில் வதக்கினாலும் நீங்குவதில்லை. பூனைக்கு அதன் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஐந்து கிராம் வெங்காயம் தீங்கு செய்யப் போதும். நான்கு கிலோ பூனைக்கு அது இருபது கிராம், அதாவது இரண்டு அல்லது மூன்று சின்ன வெங்காயம். நாய்கள் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். அவற்றுக்குக் கிலோவுக்குப் பதினைந்து முதல் முப்பது கிராம் வரை. ஆயினும் சிறிய இன நாயொன்றுக்கு மீந்துபோன இறைச்சிக் குழம்பையும் சோற்றையும் பிசைந்து தொடர்ந்து கொடுத்து வந்தால் அந்த அளவை எட்டுவது கடினமன்று. அன்பினால் கொடுக்கப்படும் உணவு என்பதாலேயே இதனை எவரும் நஞ்சென்று எண்ணுவதில்லை.

இந்நஞ்சின் இன்னொரு சிக்கல், அது உடனே தன்னைக் காட்டிக் கொள்ளாமை. உண்ட அன்று பிராணி வாந்தி எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். சிவப்பணுக்கள் உடைந்து சோர்வும் வெளிறலும் தெரிவதற்குச் சில நாட்கள் செல்லும். அதற்குள் குழம்பு கொடுத்தது மறந்து போயிருக்கும். ஆகவே மருத்துவர் "என்ன சாப்பிட்டது?" என்று கேட்கும்போது கடந்த ஒரு வாரத்தை நினைவுபடுத்திச் சொல்வது முறை.

பனடோல், டைலினோல் என்னும் பெயர்களில் விற்கப்படும் பாரசிட்டமோல் பூனைக்கு இதனினும் கொடியது. பூனையின் ஈரலுக்கு அம்மருந்தைப் பிரித்து வெளியேற்றும் ஆற்றல் மிகக் குறைவு. ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுக்கும் பழக்கத்தில், சோர்ந்திருக்கும் பூனைக்கும் அரை மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தால் விளைவது இதுவே. நஞ்சேறிய பூனையின் ஈறு மண்ணிறமாக மாறும்; முகமும் பாதங்களும் வீங்கும்; மூச்சு வாங்கும். இதற்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் அது மணிக்கணக்கில் பயன் தருமே தவிர நாட்கணக்கில் அன்று. பாரசிட்டமோல் நாய்க்கும் பாதுகாப்பான மருந்தன்று. மருத்துவர் கூறாமல் கொடுக்கலாகாது.

எலி நஞ்சு வேறு விதமாக இயங்குகிறது. அது இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. உண்டு மூன்று முதல் ஐந்து நாட்களின் பின்னரே உட்புற இரத்தப்போக்கு தொடங்கும் என்பதால், நாய் நஞ்சைத் தின்றதைக் கண்டவர்கள் அது நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருப்பது பெருந்தவறு. உடனே கொண்டு சென்றால் விற்றமின் கே1 மருந்தோடு பெரும்பாலும் முடிந்துவிடும். இரத்தம் கசியத் தொடங்கிய பின் கொண்டு சென்றால் பிளாஸ்மாவும் சில வேளை முழு இரத்தமும் தேவைப்படும். நஞ்சின் பொதியையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும்.

இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய சிறு பொருள் ஒன்று: பழைய ஒரு சத நாணயம். 1997க்கும் 2001க்கும் இடையில் வெளியான கனேடிய ஒரு சத நாணயங்களில் பெரும்பாலானவை செம்பு பூசிய துத்தநாகத்தால் ஆனவை. 2013இல் அவை புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டாலும், பிள்ளைகளின் உண்டியல்களில் இன்னும் கிடக்கின்றன. நாய்க்குட்டி ஒன்றை விழுங்கினால் இரைப்பையின் அமிலத்தில் துத்தநாகம் கரைந்து சிவப்பணுக்களை உடைக்கும்.

நாயின் இரத்தம் வேறு, பூனையின் இரத்தம் வேறு

வரலாற்றில் பதிவான முதல் வெற்றிகரமான இரத்த ஏற்றம் மனிதருக்கு நிகழ்ந்ததன்று. 1665இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் ரிச்சர்ட் லோவர் என்னும் மருத்துவர் இரத்தம் இழந்து சாகும் நிலையிலிருந்த நாயொன்றுக்கு மற்றொரு நாயின் கழுத்து நாடியிலிருந்து இரத்தத்தைச் செலுத்தி அதனை எழுந்து நிற்கச் செய்தார். இரத்த வகை என்றொன்று உண்டு என்பதே அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. மனித இரத்த வகைகளைக் கார்ல் லான்ட்ஸ்டைனர் கண்டறிந்தது 1901இல்தான். வகை பாராமல் ஏற்றியும் அந்த நாய் பிழைத்தது. அதற்குக் காரணம் உண்டு.

நாய்களின் இரத்த வகைகளில் மருத்துவர்கள் முதன்மையாகக் கருதுவது டிஇஏ 1 என்பதை. ஒரு நாயின் சிவப்பணுக்களில் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இல்லாத நாய்க்கு இருக்கும் நாயின் இரத்தத்தை முதன்முறை ஏற்றினால் உடனடித் தீங்கு பெரும்பாலும் நேர்வதில்லை. ஏனெனில் அதனை எதிர்க்கும் பொருள் நாயின் உடலில் பிறவியிலேயே இருப்பதில்லை. ஆனால் அந்த முதல் ஏற்றத்தின் பின் எதிர்ப்பொருள் உருவாகத் தொடங்கும். நான்கு நாட்களுக்குப் பின் மீண்டும் இரத்தம் தேவைப்பட்டால், கொடையாளியின் இரத்தமும் பெறும் நாயின் இரத்தமும் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா என்று சோதித்த பின்னரே ஏற்ற வேண்டும். அதனால்தான் "இதற்கு முன் எப்போதாவது இரத்தம் ஏற்றப்பட்டதா?" என்று மருத்துவர் வினவுகிறார். தத்தெடுத்த நாயானால், முன்னைய வரலாறு தெரியாது என்பதையே பதிலாகச் சொல்ல வேண்டும்; இல்லை என்று ஊகித்துச் சொல்லலாகாது.

பூனைக்கு இந்தச் சலுகை கிடையாது. பூனைகளின் இரத்தம் ஏ, பி, ஏபி என மூவகைப்படும். எழுத்துகள் ஒன்றாயினும் மனிதரின் ஏ, பி வகைகளுக்கும் இவற்றுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. பூனையின் உடலில் மற்ற வகைக்கு எதிரான பொருள், ஒரு முறை கூட இரத்தம் ஏற்றப்படாத நிலையிலும், குட்டிப் பருவத்திலிருந்தே உருவாகியிருக்கும். அதிலும் பி வகைப் பூனையிடம் ஏ வகைக்கு எதிரான பொருள் மிக வலுவாக இருக்கும். பி வகைப் பூனைக்கு ஏ வகை இரத்தத்தை ஏற்றினால் அச்சிவப்பணுக்கள் ஓரிரு மணி நேரத்திலேயே அழிந்து போகும். ஒரே ஒரு மில்லிலீட்டர் ஏறிய நிலையிலும் பூனை இறந்து போகக் கூடும். ஏ வகைப் பூனைக்குப் பி வகை ஏற்றினால் அணுக்கள் இரண்டு நாட்களளவே நிலைக்கும். வகை பொருந்தினால் ஒரு மாதத்துக்கு மேலும் நிலைத்து நிற்கும். முதல் ஏற்றம்தானே, பரவாயில்லை என்பது நாயின் கதை. பூனையின் விடயத்தில் முதல் ஏற்றமே கொல்லும்.

வட அமெரிக்காவின் சாதாரண வீட்டுப் பூனைகளில் பெரும்பாலானவை ஏ வகை. சியாமியப் பூனைகள் ஏறக்குறைய அனைத்தும் ஏ வகையே. பிரித்தானியக் குறுமயிர்ப் பூனை, டெவன் ரெக்ஸ், கோர்னிஷ் ரெக்ஸ் போன்ற இனங்களில் பி வகை கணிசமாகக் காணப்படுகிறது. இனம் தெரியாத தெருப் பூனையின் வகையைத் தோற்றத்தைக் கொண்டு சொல்ல முடியாது. சில துளி இரத்தத்தை அட்டையொன்றில் இட்டுச் சில நிமிடங்களில் வகையை அறிந்துவிடலாம். கருத்தடை அறுவை சிகிச்சைக்காகவோ வேறு இரத்தச் சோதனைக்காகவோ பூனை மருத்துவரிடம் செல்லும் நாளில் இதனையும் செய்து தருமாறு கேட்டு, தடுப்பூசிப் பதிவேட்டில் எழுதி வாங்கிக் கொள்வது நன்று. மொன்றியலில் நாய், பூனை இரண்டுக்கும் நகர அனுமதிப் பத்திரம் பெற வேண்டும். விதிவிலக்குகள் தவிர, 2020 ஜனவரி 1 முதல் கருத்தடையும் நுண்சில்லும் கட்டாயம். அந்த நுண்சில்லில் இருப்பது அடையாள எண் மட்டுமே. இரத்த வகை அதில் இராது.

பொருந்தும் பூனை இரத்தம் எங்கும் கிடைக்காத கடைசிக் கட்டத்தில் நாயின் இரத்தத்தைப் பூனைக்கு ஏற்றுவதும் உண்டு. வாசிப்போருக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றலாம். பூனையின் உடலில் நாய் இரத்தத்துக்கு எதிரான பொருள் பொதுவாகப் பிறவியில் இல்லாமையால் முதல் முறை தாங்கிக் கொள்கிறது. அவ்வணுக்கள் நான்கு நாட்களளவே நிலைக்கும்; ஒரு வாரத்தின் பின் மறுமுறை ஏற்றினால் உயிராபத்தான ஒவ்வாமை நேரும். எனவே இது வாழ்நாளில் ஒரே முறை பயன்படக் கூடிய, நேரத்தைச் சம்பாதிக்கும் வழி மட்டுமே.

வகைகளின் பட்டியல் இன்னும் முடிந்துவிடவில்லை. 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், டல்மேஷன் நாய்கள் சிலவற்றில் இல்லாத டால் என்னும் வகையும், பூனைகளில் மிக் என்னும் வகையும் கண்டறியப்பட்டன. ஏ, பி பொருத்தம் பார்த்து ஏற்றிய பின்னரும் சிறுநீரகம் மாற்றப்பட்ட பூனையொன்றின் உடலில் இரத்தம் உடைந்ததே மிக் வகையைக் கண்டறியத் தூண்டியது. இவ்விரு ஆய்வுகளிலும் பங்குகொண்ட மரி-குளோட் பிளே பின்னர் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவப் பீடத்தில் பேராசிரியராகத் தம் ஆய்வைத் தொடர்ந்தார். டோபர்மேன், ஷிட்சு இன நாய்களிலும் டால் அற்றவை கணிசமாக உள்ளன என்பது அவ்வாறு தெரிய வந்தது. இவ்வின நாய்களை வளர்ப்போர், இரண்டாம் முறை இரத்தம் தேவைப்படும் நிலை வந்தால் இதனை மருத்துவரிடம் நினைவூட்டலாம்.

இரத்தம் எங்கிருந்து வருகிறது

பிராணிகளுக்கு ஏற்றுவதற்குச் செயற்கை இரத்தம் இல்லை. மனித இரத்தமும் பயன்படாது. ஒவ்வொரு பையும் வேறொரு நாயிடமிருந்தோ பூனையிடமிருந்தோ எடுக்கப்பட்டதே. கனடாவில் வின்னிபெக் நகரைத் தளமாகக் கொண்டு 1990களிலிருந்து இயங்கும் இலாப நோக்கற்ற கனேடிய விலங்கு இரத்த வங்கி, உரிமையாளரின் விருப்பத்துடன் வரும் நாய்களிடமிருந்து இரத்தம் சேகரித்து மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. பெரிய மருத்துவமனைகள் தமக்கெனக் கொடை நாய்களையும் பூனைகளையும் பதிவு செய்து வைத்திருப்பதும் வழக்கம். பூனை இரத்தம் எங்கும் தட்டுப்பாடானது.

கொடை நாய்க்கான விதிகள் இடத்துக்கு இடம் சற்று மாறும். பொதுவாக இருபத்தைந்து கிலோவுக்கு மேற்பட்ட, ஒன்று முதல் எட்டு வயதுக்குட்பட்ட, தடுப்பூசிகள் முழுமையாகப் பெற்ற, இதற்கு முன் இரத்தம் ஏற்றப்படாத, அமைதியான சுபாவமுள்ள நாயே ஏற்கப்படும். உண்ணி நோய்கள், இதயப் புழு ஆகியவற்றுக்கான சோதனைகள் முதலில் செய்யப்படும். தெற்காசியாவிலிருந்து வந்த நாய் மேற்கூறிய பபேசியா காரணமாக ஒதுக்கப்படலாம். கழுத்து நரம்பிலிருந்து சுமார் 450 மில்லிலீட்டர் எடுக்கப்படுகிறது. எடுக்கும் நேரம் ஏறத்தாழப் பத்து நிமிடம். பெரும்பாலான நாய்களுக்கு மயக்க மருந்து வேண்டியதில்லை. முடிந்ததும் நல்ல உணவு கிடைக்கும் என்பதைச் சில நாய்கள் இரண்டாம் முறையிலேயே கற்றுக் கொள்கின்றன. பூனையானால் நான்கரைக் கிலோவுக்கு மேல் நிறையும், வெளியே திரியாத வீட்டு வாழ்க்கையும் வேண்டும். பூனை லியூக்கேமியா, பூனை எயிட்ஸ் என்னும் நோய்க்கிருமிகள் இல்லை என்பதும் உறுதிப்பட வேண்டும். பூனைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்தே சுமார் ஐம்பது மில்லிலீட்டர் எடுப்பர். அந்த மயக்கத்திலும் சிறிது ஆபத்து உண்டு என்பதால், பூனையைக் கொடைக்கு ஒப்புவிப்பதற்கு உரிமையாளர் தயங்குவது குற்றமன்று.

பிரெடெரிக்-பாக் பூங்காவில் அன்றாடம் நடக்க அழைத்து வரப்படும் பெரிய நாய்களுள் இவ்விதிகளுக்குப் பொருந்துபவை இருக்கக் கூடும். விருப்பமுள்ளோர் தம் வழக்கமான விலங்கு மருத்துவரிடம் கேட்டால், அப்போது கொடையாளிகளைப் பதிவு செய்யும் மருத்துவமனை எது என்பதை அவர் சொல்வார்.

எடுக்கப்பட்ட நாய் இரத்தம் சிவப்பணுக்களாகவும் பிளாஸ்மாவாகவும் பிரிக்கப்படலாம். குளிரூட்டப்பட்ட சிவப்பணுக்கள் ஐந்து, ஆறு வாரங்கள் வரை பயன்படும். உறைய வைத்த பிளாஸ்மா ஓராண்டு வரை. ஒரு நாயின் ஒரு கொடை, விபத்தில் சிக்கிய நாயொன்றுக்கும் எலி நஞ்சு தின்ற நாயொன்றுக்கும் இவ்வாறு பகிரப்படுவது உண்டு.

மருத்துவமனையில் நிகழ்வது

இரத்தம் முதலில் மிக மெதுவாகச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தப்படும். முதல் அரை மணி நேரம் உடல் வெப்பம், நாடித் துடிப்பு, மூச்சு ஆகியன இடையறாது பார்க்கப்படும். முகம் வீங்குதல், வாந்தி, நடுக்கம், சிவந்த சிறுநீர் என ஏதேனும் தோன்றினால் உடனே நிறுத்தப்படும். ஒரு பை நான்கு மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்கப்பட வேண்டும்.

இரத்தம் ஏற்றுவது நோயைக் குணப்படுத்துவதன்று என்பதைச் சம்மதம் கொடுக்குமுன் விளங்கிக் கொள்ள வேண்டும். வெங்காய நஞ்சில் இரண்டு, மூன்று நாட்கள் தாக்குப் பிடித்தால் எலும்பு மச்சை புதிய அணுக்களை உண்டாக்கிவிடும். அங்கு ஒரு பை இரத்தம் முழு உயிரையும் மீட்கலாம். மண்ணீரற் புற்றுநோயிலோ அது சில கிழமைகளை மட்டுமே தரக் கூடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இவை: இரத்தக் குறைவுக்குக் காரணம் தெரிந்துவிட்டதா, இன்னும் எத்தனை பை தேவைப்படலாம், வகையும் பொருத்தமும் பார்க்கப்பட்டனவா, எழுத்தில் தரப்பட்ட மதிப்பீட்டில் எவையெவை அடங்கும். பணத்தைப் பற்றிக் கேட்பதற்கு எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. மருத்துவருக்கு அது அன்றாடக் கேள்வி. பிரெஞ்சு மொழி தடையானால் அவ்வேளையிலேயே தொலைபேசியில் உறவினர் ஒருவரைச் சேர்த்துக் கொள்ளலாம். மருத்துவர் "ஆனெமி" என்றால் இரத்தக் குறைவு. "குரூப் சாங்கன்" என்றால் இரத்த வகை.

வீட்டிலேயே செய்யக் கூடிய சோதனை ஒன்று உண்டு. பிராணியின் மேலுதட்டை உயர்த்தி ஈறின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நலமாயிருக்கும் நாளில் ஒருமுறை பார்த்து வைத்தால்தான் மாற்றம் தெரியும். சில நாய்களுக்கு ஈறு இயல்பாகவே கறுப்பாக இருக்கும், அவற்றில் கண்ணின் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறிய இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ மாறினாலும், சிறுநீர் கோப்பி நிறமானாலும், மலம் தார் போல் கறுத்தாலும், படுத்திருக்கும்போதே மூச்சு வேகமாக வாங்கினாலும் விடியும் வரை காத்திருக்கலாகாது.

எல்லாச் சிறு சிகிச்சை நிலையங்களிலும் இரத்தம் இருப்பதில்லை. தீவில் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் விலங்கு மருத்துவமனைகள் உண்டு. மொன்றியல் பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவப் போதனா மருத்துவமனை, கிழக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர் தொலைவில், 20ஆம் இலக்க நெடுஞ்சாலையை அண்டிய செயின்ட்-இயாசிந்த் நகரில் உள்ளது. வழக்கமான மருத்துவர் இரவில் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார் என்பதை முன்னரே கேட்டுத் தொலைபேசி எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கலாம். மூடிய கூண்டிலுள்ள சிறு பிராணியைப் பேருந்திலும் மெட்ரோவிலும் கொண்டு செல்ல அனுமதி உண்டு. எனினும் அது பகல் நேரப் பரிசோதனைக்கு உகந்ததே தவிர, வெளிறிய ஈறுடன் மூச்சு வாங்கும் பூனைக்கு உகந்ததன்று. அனுமதிப் பத்திரம் தொடர்பான கேள்விகளுக்கு 311 என்னும் எண்ணை அழைக்கலாம். அங்கு மருத்துவ ஆலோசனை கிடைக்காது. மருத்துவமனைக்குப் புறப்படுமுன் அங்கு அழைத்து, பிராணியின் நிறை, ஈறின் நிறம், உண்ட பொருள், முன்பு இரத்தம் ஏற்றப்பட்டதா என்னும் நான்கையும் சொன்னால், பொருந்தும் இரத்தம் தம்மிடம் உள்ளதா, வேறிடம் செல்ல வேண்டுமா என்பதை அவர்கள் அப்போதே பார்த்துச் சொல்வர்.